வழக்காறும் சீர்திருத்தமும்: கல்வி நிறுவனங்களின் பண்பாடு குறித்து ஒரு விமர்சன நோக்கு

இப்னு கல்தூன் (ரஹ்) தமது 'முகத்திமா'வை ஹிஜ்ரி 779இல், அதாவது கி.பி. 1377இல், எழுதி முடித்தார். அந்நூலின் இறுதிப் பகுதி அறிவுத் துறைகளையும் அவற்றைக் கற்பிக்கும் முறைகளையும் பற்றியது. சிறுவர் கல்வி நாட்டுக்கு நாடு எவ்வாறு வேறுபடுகிறது என்பதை அதில் விரிவாக ஆராயும் அவர், மக்ரிப் மக்கள் குர்ஆனைத் தவிர வேறெதனையும் சிறாருக்குக் கற்பிப்பதில்லை என்றும், அந்தலூஸ் மக்கள் குர்ஆனோடு கவிதை, இலக்கணம், எழுத்துப் பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பிக்கின்றனர் என்றும் குறிப்பிடுகிறார். பின்னர், செவில்லி நகரத்துக் காழி அபூபக்ர் இப்னுல் அரபி (ரஹ்) முன்வைத்த ஒரு யோசனையை எடுத்துரைக்கிறார். முதலில் மொழியும் கவிதையும், அடுத்துக் கணிதம், அதன் பின்னரே குர்ஆன் என்று வரிசையை மாற்றவேண்டும். பொருள் விளங்காத வயதில் ஓதவைப்பதால் பிள்ளை சொல்லைச் சுமக்கிறதேயன்றிப் பொருளைப் பெறுவதில்லை என்பது காழியின் வாதம். யோசனை மிக நல்லது என்று இப்னு கல்தூன் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட கையோடு, வழக்காறு இதற்கு இடந்தராது, நிலைமைகளை ஆள்வது வழக்காறே என்று கூறிவிடுகிறார்.

இவ்விடத்தைப் படிக்கும் பலர் இதனை ஒரு பேரறிஞரின் மனச்சோர்வு என்று எண்ணிக் கடந்துவிடுகின்றனர். அது சரியன்று. அடுத்துவரும் பத்தியில், அந்த வழக்காறு ஏன் தோன்றியது என்பதை அவர் விளக்குகிறார். பிள்ளை தகப்பனின் ஆதிக்கத்தில் இருக்கும் காலம் குறுகியது. வயது வந்தபின் அவன் கைவிட்டுப் போகலாம். ஆகவே கையில் இருக்கும் காலத்திலேயே குர்ஆனை ஓதவைத்துவிட வேண்டும் என்ற அச்சம் பெற்றோருக்கு உண்டு. பிள்ளை தொடர்ந்து கற்பான் என்ற உறுதி இருக்குமானால் காழியின் முறையே சிறந்தது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார். ஆக, அவர் பார்வையில் வழக்காறு என்பது மூடப்பிடிவாதம் அன்று. அதற்குள் ஒரு நியாயம் உறைந்து கிடக்கிறது. அந்த நியாயத்திற்கு வேறு வழியில் விடை சொல்லாதவரை வழக்காறு அசையாது.

இன்றைய கல்வித்துறை எழுத்துகளில் 'நிறுவனப் பண்பாடு' என்ற சொற்றொடர் மிகுந்து வழங்குகிறது. சீர்திருத்தம் தோல்வியுறும் இடங்களிலெல்லாம் குற்றவாளியாக நிறுத்தப்படுவது அதுவே. இக்கருத்து பள்ளிக்கூடத்தில் பிறந்ததன்று; வணிக நிறுவனங்களின் மேலாண்மை ஆய்வில் வளர்ந்து பள்ளிக்கு வந்தது. எட்கார் ஷைன் 1985இல் வெளியிட்ட நூலில் அதனை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார். மேலே கண்ணுக்குத் தெரியும் பொருள்களும் சடங்குகளும். நடுவே நிறுவனம் வாயால் உரைக்கும் விழுமியங்கள். அடியிலே எவரும் உரைக்காத, உரைக்கத் தேவையும் இல்லாத நம்பிக்கைகள். அதற்கு முன்பே, 1971இல், ஸெய்மூர் ஸாரஸன் என்ற உளவியலாளர் அமெரிக்கப் பள்ளிகளில் புதிய கணிதப் பாடம் புகுந்த கதையை எழுதி, புத்தகம் புதிதானாலும் வகுப்பறையில் ஆசிரியரும் மாணவரும் நடந்துகொண்ட முறை பழையதாகவே இருந்ததைச் சுட்டிக்காட்டியிருந்தார். இவ்விருவரும் கூறியவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இக்கருத்து நம் நாட்டு அலுவலகங்களுக்குள் வந்து சேரும்போது ஒரு திரிபு நேர்கிறது. 'பண்பாடு' என்பது ஆசிரியரின் மனப்பான்மை என்று சுருங்கிவிடுகிறது. ஆசிரியர் மாறவில்லை, ஆகவே திட்டம் வெல்லவில்லை என்ற தீர்ப்பு எளிதாகிவிடுகிறது. இந்தத் திரிபை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மறுப்பதற்குத் தொலைவில் எங்கும் செல்ல வேண்டியதில்லை; திருவண்ணாமலை மாவட்டத்தின் தொடக்கப் பள்ளிகளே போதும்.

வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து 1989இல் பிரிக்கப்பட்ட இம்மாவட்டம், பிறந்து 5 ஆண்டுகளில் ஒரு பெரும் கல்விச் சோதனைக்குக் களமாயிற்று. 1994இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் இந்திய அளவில் தொடங்கியபோது, பெண் எழுத்தறிவு தேசியச் சராசரிக்கும் கீழே இருந்த மாவட்டங்கள் அதற்குத் தெரிவு செய்யப்பட்டன. தமிழகத்தில் முதற்கட்டத்தில் இடம்பெற்றவை தருமபுரி, தென்னார்க்காடு, திருவண்ணாமலை ஆகியவை. உலக வங்கியின் கடனுதவியும் அதற்கு உண்டு. புதிய வகுப்பறைகள் எழுந்தன. கிராமக் கல்விக் குழுக்கள் அமைந்தன. வட்டார வள மையம், குறுவள மையம் என்ற புதிய அமைப்புகள் தோன்றின. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது.

அதுவரை ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் அறிந்திருந்த மேலதிகாரி உதவித் தொடக்கக் கல்வி அலுவலரே. அவர் வருவது ஆய்வுக்காக. வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். எந்தப் பாடம் நடக்கிறது என்று கேட்பார். நான்கு பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். வள மையம் இதற்கு நேர்மாறான ஓர் உறவை ஏற்படுத்த விரும்பியது. அங்கிருந்து வருபவர் குற்றங் காண வருபவரல்லர். உடனமர்ந்து உதவ வருபவர் என்பது ஏட்டில் இருந்த இலட்சியம். ஆனால் சம்பளப் பட்டியலிலும் விடுப்பு விண்ணப்பத்திலும் பணிப் பதிவேட்டிலும் கையொப்பமிடும் அதிகாரம் பழைய அலுவலரிடமே இருந்தது. இரு தலைமைகள் இருக்கும் இடத்தில், கையொப்பமிடுபவரின் சொல்லே சொல்லாகும். இதற்கு மனப்பான்மையைக் காரணமாகத் தேட வேண்டியதில்லை. 2001க்குப் பின் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்து, வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர் பணியிடங்கள் பெருகிய பின்னரும் இந்த இரட்டைத் தன்மை நீங்கவில்லை. பயிற்றுநர் மெல்ல மெல்லப் புள்ளிவிவரம் திரட்டுபவராகவும் மேலிடத்துப் படிவங்களை நிரப்பி வாங்குபவராகவும் ஆனார். உதவ வந்தவரைப் பழைய இயந்திரம் தன் பல்சக்கரத்தில் ஒன்றாக்கிக்கொண்டது.

இந்த மண்ணின் மீதுதான் செயல்வழிக் கற்றல் வந்து இறங்கியது. அதன் வரலாற்றை அறிந்தவர்களுக்கும் மீண்டும் நினைவூட்டுவது தவறாகாது. ஆந்திரத்து மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலியில், சிற்றூர்ப் பள்ளிகளுக்கென உருவான ஓர் அட்டை முறையே அதன் மூலம். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், மாநகராட்சி ஆசிரியர்களை அணி அணியாக அங்கே அனுப்பினார். அவர்கள் கண்டு திரும்பி, தாங்களே அமர்ந்து தமிழ் அட்டைகளை உருவாக்கினர். 2003இல் 13 பள்ளிகளில் தொடங்கிய முறை, அடுத்த ஆண்டு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. 2007இல் அது தமிழகத்தின் 37,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளின் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு அரசு முறையாயிற்று.

அம்முறையைக் கண்டவர்கள் அதன் அழகை மறக்கமாட்டார்கள். சுவரிலே கற்றல் ஏணி. ஒவ்வொரு பிள்ளையும் தான் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தானே பார்த்து, அப்படிக்குரிய சின்னம் பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் துணையுடன் கற்கும் குழு, சக மாணவர் துணையுடன் கற்கும் குழு, தானே பயிலும் குழு என அவை பாய்களில் அமரும். பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தாழ்நிலைக் கரும்பலகைகள். ஆசிரியரும் தரையில் அமர்வார். காய்ச்சலால் பத்து நாள் வராத பிள்ளை, விட்ட இடத்திலிருந்தே தொடரும். அதற்காக ஒருவரும் காத்திருக்கவோ கடந்து போகவோ தேவையில்லை. பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் மலைப்பாதையை அவரவர் நடைக்கேற்பச் சுற்றிவரும் இவ்வூரில், நாற்பது பிள்ளைகள் அவரவர் வேகத்தில் ஒரே பாதையைக் கடப்பது ஏன் அத்தனை விந்தையாகத் தோன்றியது என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

விந்தையாகத் தோன்றியது பிள்ளைகளுக்கன்று. ஆய்வுக்கு வரும் அலுவலரின் பழைய கேள்விக்கு அந்த வகுப்பறையில் விடை இல்லாமல் போயிற்று என்பதே உண்மைச் சிக்கல். எந்தப் பாடம் நடக்கிறது? நாற்பது பாடங்கள் நடக்கின்றன. எவ்வளவு முடிந்திருக்கிறது? பிள்ளைக்குப் பிள்ளை வேறு. கேள்வி கேட்கும் உரிமை மாறாமல், விடை சொல்லும் வழி மட்டும் மாறிவிட்டால், ஆசிரியர் என்ன செய்வார்? கேள்விக்கேற்ற விடையைத் தயாரிப்பார். பிள்ளை தன் முன்னேற்றத்தைத் தானே குறித்துக்கொள்ள வேண்டிய அடைவுத் திறன் அட்டவணை, பார்வையாளருக்குக் காட்டப்படும் பதிவேடாக மாறுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. ஷைனின் சொற்களில் கூறுவதானால், மேலடுக்கில் பாயும் அட்டையும் ஏணியும் வந்து சேர்ந்தன. நடுவடுக்கில் குழந்தைமையக் கல்வி என்ற முழக்கம் வந்தது. அடியடுக்கில், கல்வி என்பது மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவது என்ற பழைய நம்பிக்கை அப்படியே கிடந்தது.

இங்கே 2003க்கும் 2007க்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்கவேண்டும். முதலாவதில் ஆசிரியர் கண்டார், பின் செய்தார். இரண்டாவதில் சுற்றறிக்கை வந்தது, அட்டைப் பெட்டிகள் வந்தன, சில நாட்கள் பயிற்சி வந்தது. கற்பித்தல் ஒரு கைத்தொழில் என்று இப்னு கல்தூன் வகைப்படுத்துகிறார். தச்சையும் நெசவையும் போல, செய்பவரைப் பார்த்து, அவரோடிருந்து, மீண்டும் மீண்டும் செய்து உள்ளத்தில் ஊறவேண்டிய திறன் அது. அத்தகைய ஊறிய திறனுக்கு அவர் வழங்கும் பெயர் 'மலகா'. கைத்தொழில் சுற்றறிக்கை வழியே பரவுவதில்லை. சென்னையில் நிகழ்ந்தது பண்பாட்டு மாற்றம் என்றால், மாநிலம் முழுவதும் நிகழ்ந்தது பெரும்பாலும் பொருள் வழங்கல்தான். இதில் விஜயகுமாரைக் குறைகூற எனக்கு மனமில்லை. வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட சிறாரின் கல்வியில் ஈடுபட்டவர் அவர். ஓர் அதிகாரி ஒரு பதவியில் எத்தனை நாள் இருப்பார் என்பதை அறிந்தவர். பதவிக்காலம் குறுகியது, ஆகவே கையில் இருக்கும் காலத்திலேயே பரப்பிவிட வேண்டும் என்ற அவசரம், இப்னு கல்தூன் சித்திரிக்கும் தகப்பனின் அச்சத்துக்கு எவ்வளவு நெருங்கியது என்பதைக் கவனிக்க.

பெற்றோரின் அச்சமும் இத்தகையதே. பாடநூல் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, பிள்ளை பாயில் உட்கார்ந்து விளையாடிவிட்டு வருகிறதே என்ற முறையீடு எங்கும் எழுந்தது. தாம் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவார்கள்? நிரம்பிய நோட்டுப் புத்தகமே அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே சான்று. அந்தச் சான்றைப் பறித்துவிட்டு வேறொன்றைக் கொடுக்காத சீர்திருத்தம், அருகிலேயே சீருடையும் ஆங்கிலப் பாடநூலுமாக நிற்கும் தனியார் பள்ளிக்குத் தானே வழிகாட்டியாகிவிடுகிறது. இதனையும் 'பெற்றோரின் அறியாமை' என்று எழுதிவைத்தார்கள்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 2010இல் சமச்சீர்க் கல்விப் பாடநூல்கள் வரத் தொடங்கின. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பினால் அவை நிலைபெற்றன. 2012இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. அட்டைகள் பாடநூலுக்கேற்பத் திருத்தப்பட்டு, எளிமைப்படுத்தப்பட்டு, இறுதியில் பின்னொதுங்கின. கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின், 2021இல் இல்லம் தேடிக் கல்வியும் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கின. பின்னதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகக் குழு பிரிக்கப்படுகின்றனர். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கவேண்டும் என்ற பழைய எண்ணம் புதிய பெயரில் திரும்பியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதனுடன் கைப்பேசிச் செயலியில் மதிப்பீட்டை ஏற்றும் கடமையும் வந்திருக்கிறது. பழைய அலுவலரின் கேள்வி, இப்போது அவர் வராமலேயே கேட்கப்படுகிறது.

அரசுப் பள்ளியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, நம் வீட்டைப் பற்றி வாய்மூடி இருப்பது நேர்மையாகாது. மத்ரஸாச் சீர்திருத்தம் குறித்து நம் சமுதாயத்தில் நூறாண்டுகளுக்கும் மேலாக நடைபெறும் விவாதம், ஏறத்தாழ முழுவதுமே பாடத்திட்டம் பற்றியது. தர்ஸே நிஜாமியில் எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது. மன்திக் வேண்டுமா, ஆங்கிலம் வேண்டுமா. ஃபிரங்கி மஹலின் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அத்திட்டம் தமிழகத்துக்கு அந்நியமானதுமன்று. அவருடைய மகனார் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) ஆர்க்காட்டு நவாப் வாலாஜாவின் ஆதரவில் சென்னையில் கற்பித்து, 1810இல் இங்கேயே மறைந்து, திருவல்லிக்கேணியில் அடக்கமானார். அக்காலத்தில் மாணவர் ஆண்டுக் கணக்கில் வகுப்பேறியதில்லை. நூல் கணக்கில் ஏறினார். ஒரு நூலை ஆசிரியரிடம் ஓதி முடித்தால் அடுத்த நூல். விரைந்தவர் விரைந்தார், தாமதித்தவர் தாமதித்தார். கற்றல் ஏணி என்ற சொல்தான் அவர்களிடம் இல்லை.

1866இல் தேவ்பந்த் தாருல் உலூம் தொடங்கியபோது நிகழ்ந்த மாற்றத்தை நம்மில் பலர் இன்னும் சரியாக மதிப்பிடவில்லை. நூல்கள் பெரும்பாலும் பழையவை. ஆனால் நிறுவனம் புதியது. குடும்பத்தின் திண்ணையிலும் பள்ளிவாசல் மூலையிலும் நடந்த கல்வி, சம்பளம் பெறும் ஆசிரியர்கள், வகுப்புகள், வருகைப் பதிவு, ஆண்டுத் தேர்வு, நன்கொடையாளர் பெயர் தாங்கிய ஆண்டறிக்கை என முற்றிலும் வேறோர் உடல் பெற்றது. இவ்வடிவத்துக்கு ஆங்கிலேயர் காலக் கல்லூரிகளே முன்மாதிரி என்பதைப் பார்பரா மெட்காஃப் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாகக் காட்டுகிறது. மௌலானா காஸிம் நானூத்தவி (ரஹ்) வகுத்த எட்டு நெறிகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை நிறுவனம் இயங்கவேண்டிய விதம் பற்றியவை: கலந்தாலோசனை, பொதுமக்களின் சிறு நன்கொடை, நிலையான வருவாயைத் தேடாமை, ஆசிரியர்களிடையே ஒத்த மனம். மாற்றத்தை எதிர்ப்பவர்கள் என்று பெயரெடுத்தவர்கள், எவரும் விவாதிக்காத இடத்தில் மிகப் பெரும் மாற்றத்தைச் செய்துவிட்டார்கள்.

நத்வாவின் கதை இதற்கு எதிர்ப்புறம். 1890களில் உலமாக்களின் பேரவையாகப் பிறந்து, 1898இல் இலக்னோவில் தாருல் உலூமைத் தொடங்கிய அவ்வியக்கத்தின் இலட்சியமே பாடத்திட்டச் சீர்திருத்தந்தான். அல்லாமா ஷிப்லி நுஃமானி (ரஹ்) 1905 முதல் அங்கே கல்விப் பொறுப்பை ஏற்று, நவீன அரபியையும் ஆங்கிலத்தையும் கொண்டுவர முயன்றார். அவருடைய புலமையை ஐயுற்றவர் எவருமில்லை. ஆயினும் நிருவாகக் குழு யாருடையது, ஆசிரியர் நியமனம் யார் கையில், மாணவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விகளில் அவர் தோற்றார். 1913இல் பதவி விலகினார். மாணவர் வேலைநிறுத்தம் தொடர்ந்தது. 1914 நவம்பரில் அஃஸம்கரில் காலமானார். அவர் திட்டமிட்ட தாருல் முஸன்னிஃபீன் அவ்வூரிலேயே எழுந்தது. பழைய நிறுவனத்தை மாற்ற இயலாதபோது வெளியேறிப் புதியதை நிறுவுவது நம் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிகழ்வு. அஸ்ஹரை அசைக்க முடியாத நிலையில் அலீ முபாரக் 1872இல் கெய்ரோவில் தாருல் உலூமைத் தொடங்கினார். இலங்கையில் நளீம் ஹாஜியார் 1973இல் பேருவளையில் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவியதும் புதிய நிலத்தில் புதிய கட்டடம் எழுப்பும் வழியே. இவ்வழி பலன் தந்திருக்கிறது; மறுப்பதற்கில்லை. ஆனால் பெரும்பான்மைப் பிள்ளைகள் பழைய கட்டடத்திலேயே இருந்துவிடுகின்றனர் என்பது அதன் விலை.

பழைய கட்டடத்துக்குள்ளிருந்தே தொடங்கியவர் ஒருவர் உண்டு. முஹம்மத் அப்துஹு (ரஹ்) 1895இல் அஸ்ஹரின் நிருவாக சபையில் அமர்ந்தபோது, அவர் மனத்தில் இருந்தது பாடத்திட்டப் புரட்சிதான். செய்யத் தொடங்கியதோ வேறு. ஆசிரியர்களின் ஊதியத்தை ஒழுங்குபடுத்தினார். மாணவருக்கு வழங்கப்படும் ரொட்டியின் பங்கீட்டைச் சீராக்கினார். சிதறிக் கிடந்த நூல்களை ஒரே நூலகத்தில் சேர்த்தார். சுகாதாரத்தையும் விளக்கொளியையும் கவனித்தார். ரொட்டி யார் கையால் வழங்கப்படுகிறது என்பதிலேதான் அஸ்ஹரின் உண்மையான அதிகாரம் ஓடுகிறது என்பதை அவர் கண்டிருக்கவேண்டும். 1905 மார்ச்சில் அவரும் சபையிலிருந்து விலக நேர்ந்தது. சில மாதங்களில் மறைந்தார். ஆகவே அவர் வென்றார் என்று நான் வாதிடவில்லை. எங்கே கைவைக்க வேண்டும் என்பதை அறிந்திருந்தார் என்பதே என் கருத்து.

பழைய வட ஆர்க்காடு, மார்க்கக் கல்வியில் வளமான பூமி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) வேலூரில் வளர்த்த பாகியாத்துஸ் ஸாலிஹாத், 1924இல் காகா முஹம்மத் உமர் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம், 1919இல் வாணியம்பாடியில் தோன்றிய இஸ்லாமியாக் கல்லூரி ஆகிய மூன்றும் அந்த ஒரே மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தன. திருவண்ணாமலை, ஆரணி, வந்தவாசி ஆகிய ஊர்களின் பள்ளிவாசல்களில் இமாமத் செய்யும் ஆலிம்களுக்கு இம்மதரஸாக்கள் நெடுந்தொலைவில் இல்லை. எனினும் நம் சாதாரணப் பிள்ளை கல்வி பெறும் இடம் இப்பெரிய நிறுவனங்கள் அல்ல. தன் தெருவின் மக்தப். சீர்திருத்தம் பேசுவோரின் பார்வை படாத இடமும் அதுவே.

மக்தபின் பழைய முறையில், ஒவ்வொரு பிள்ளையும் தன் ஜுஸ்வுடன் வந்து, தன் சபக்கை உஸ்தாதிடம் தனியே ஓதிக் காட்டும். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும். தமிழகத்துத் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை முறையும் இதற்கு அண்மையானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூர் ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், நம் சிறார் மணலில் எழுதிக் கற்றதைக் கண்டு அதனை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார் என்பது வரலாறு. தேர்ச்சி எண்ணிக்கைக்கேற்ப மானியம் வழங்கும் முறையும் ஆய்வாளர் வருகையும் சென்னை மாகாணத்தில் வேரூன்றிய பின்னரே வகுப்புவாரி வரிசை நம் பள்ளிகளில் இறுகியது. ஆக, அரசு 2003இல் பெருஞ்செலவில் தேடிக் கண்டுபிடித்த ஒன்று மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் பள்ளிவாசல்களில் எளிய வடிவில் நடந்துகொண்டிருந்தது. நாமோ அண்மைக் காலத்தில் மக்தபை 'நவீனப்படுத்த' முனைந்து, வகுப்பு பிரித்து, வண்ணப் பாடநூல் அச்சிட்டு, ஆண்டுவிழா நடத்தி, எந்தப் பாடம் நடக்கிறது என்ற கேள்வியை அங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பிரம்பு வழங்கும் இடங்களில் பிரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது. சிறாரிடம் கடுமை காட்டுவது அவர்களைப் பொய்யர்களாகவும் ஊக்கமற்றவர்களாகவும் ஆக்கிவிடும் என்று அதே முகத்திமாவில் ஒரு தனி அத்தியாயம் இருப்பதை நம் பாடநூல் குழுக்கள் படித்திருக்குமானால் நல்லது.

இங்கேயும் உஸ்தாதின் மீது பழி போடுவது எளிது. புதிய முறை அவருக்கு வராது, அவர் பழைய ஆள் என்பார்கள். அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். நியமிப்பதும் நீக்குவதும் ஜமாஅத் நிர்வாகம். நிர்வாகம் மாறினால் அவர் மாறலாம். ஐவேளைத் தொழுகை, ஜும்ஆ பயான், நிக்காஹ், ஜனாஸா ஆகியவற்றுக்கிடையே மக்தப் அவருடைய இறுதிப் பணி. அதற்கெனத் தனி ஊதியம் இருப்பது அரிது. எந்தப் பிள்ளை எவ்வளவு ஓதியது என்று எவரும் கேட்பதில்லை. ரமளானில் எத்தனை பிள்ளைகள் மேடையேறினார்கள் என்று கேட்பார்கள். இத்தகைய இடத்தில் அவர் மேடைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார் என்றால், அது அவருடைய மனப்பான்மையா, நாம் கேட்ட கேள்வியின் விடையா? ஒன்றிய அரசு 2009 முதல் மத்ரஸாக்களில் அறிவியலும் கணிதமும் கற்பிக்க மதிப்பூதியம் வழங்கிய திட்டமும், அது 2022இல் முடிவடையும்வரை, இதே பிழையைத்தான் செய்தது. நிறுவனத்துக்குள் உரிமையோ குரலோ இல்லாத ஓர் ஆசிரியரைக் கூடுதலாக அமர்த்தியது; பல மாநிலங்களில் அவருடைய ஊதியமும் ஆண்டுக் கணக்கில் நிலுவையில் நின்றது.

செய்யத்தக்கது எது என்று கேட்போருக்கு என்னிடம் பெரிய திட்டம் இல்லை. 2003இன் 13 பள்ளிகள் ஒரு குறிப்பைத் தருகின்றன. நன்றாக நடக்கும் ஒரு மக்தபில், இன்னொரு மக்தபின் உஸ்தாத் ஒரு மாதம் ஊதியத்துடன் உடனிருந்து பார்க்கட்டும். அதுவரை அவருடைய இமாமத்துக்கு மாற்று ஏற்பாட்டை ஜமாஅத் செய்யட்டும். பாடநூல் அச்சிடும் செலவில் இது பாதிகூட ஆகாது. பெற்றோருக்கு மேடை நிகழ்ச்சியைத் தவிர வேறொரு சான்றும் கிடைக்க வழி செய்யவேண்டும். மாதம் ஒருமுறை பிள்ளை தன் சபக்கைத் தாய் தந்தை முன்னிலையில் ஓதிக்காட்டினால் போதும்.

நானறிந்த ஒரு பள்ளிவாசலின் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை கிடைத்தது. இருபது ஆண்டுகளின் தீர்மானங்கள். சுண்ணாம்பு அடித்தது, ஒலிபெருக்கி வாங்கியது, ஹவுளு பழுது பார்த்தது, மினாராவுக்கு நிதி திரட்டியது, மக்தபுக்குப் புதிய பாடத்திட்டம் ஏற்றது, மறு ஆண்டு அதனை மாற்றி வேறொன்று ஏற்றது என எல்லாம் அழகிய கையெழுத்தில் இருந்தன. அந்த இருபது ஆண்டுகளில் உஸ்தாத்கள் ஒன்பது பேர் வந்து போயிருந்தனர். ஒவ்வொருவரின் பெயரும் அதில் இரண்டே முறை எழுதப்பட்டிருந்தது: சேர்ந்த நாளில் ஒன்று, விடைபெற்ற நாளில் ஒன்று.